பூனைக்குக் கொடுக்கும் மாத்திரை



இந்தப் பகுதியில் மனிதரின் உடல்நலத்தைப் பற்றித்தானே எழுதுவது வழக்கம், இங்கே பூனைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. பூனைக்குக் கொடுக்கும் மாத்திரை பூனையோடு நின்றுவிடுவதில்லை. அது நம் வீட்டுப் பிள்ளையின் காய்ச்சல் வரைக்கும் வருகிறது. எப்படி என்பதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

தோட்டத்து வீடுகளில் பூனை என்றைக்கும் உண்டு. செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும்; எலி இருக்கும் இடத்தில் பூனை வேண்டும். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபோனவர்களும் பூனையைக் கூடவே கொண்டுபோயிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டுத் துணை, வயதானவர்களுக்குப் பேச்சுத் துணை.

அந்தப் பூனை ஒருநாள் தும்முகிறது. அல்லது சண்டை போட்டுக் காலில் காயத்தோடு வருகிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? அலமாரியைத் திறந்து, போன மாதம் பிள்ளைக்குக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். "அட, பூனைக்குத்தானே! பாதி கொடுத்தாப் போதும்" என்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரும் "எங்க பூனைக்கு இதத்தான் கொடுத்தோம், சரியாப் போச்சு" என்கிறார்.

நல்ல மனதோடு செய்யும் காரியம்தான் இது. ஆனால் நல்ல மனது மட்டும் இருந்தால் மருந்து வேலை செய்யாது.

ஆண்டிபயாட்டிக் எதைக் கொல்லும்?

நோயை உண்டாக்கும் கிருமிகளில் பல ஜாதி உண்டு. பாக்டீரியா ஒன்று, வைரஸ் ஒன்று, காளான் ஒன்று. ஆண்டிபயாட்டிக் மருந்து பாக்டீரியாவைத்தான் தாக்கும். வைரஸை அது தொடவே தொடாது. காளானையும் தொடாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் பதிய வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

1928-ஆம் ஆண்டு லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் பென்சிலினைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்பு கையில் முள் குத்திச் சீழ் பிடித்தே செத்தவர்கள் உண்டு. பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் கண்டு போன தாய்மார்கள் எத்தனையோ பேர். பென்சிலின் வந்த பிறகு அந்த நிலைமை மாறியது. ஆனால் 1945-இல் நோபெல் பரிசு வாங்கியபோதே பிளெமிங் உலகத்தை எச்சரித்தார். குறைந்த அளவில் மருந்து கொடுத்தால் கிருமி சாகாது, மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்ளும் என்றார். ஒருவர் அரைகுறையாக மருந்து சாப்பிட, அவரிடமிருந்து பழகிய கிருமி அவருடைய மனைவிக்குத் தொற்றி, மருந்து பலிக்காமல் அந்த அம்மாள் இறந்துபோவதாக ஓர் உதாரணமும் சொன்னார். தப்பு செய்தவர் ஒருவர், உயிரை விட்டவர் இன்னொருவர்.

கிருமி எப்படிப் பழகுகிறது?

"மருந்து அடிக்கடி கொடுத்தா உடம்பு பழகிடும்" என்று சொல்வார்கள். அது சரியல்ல. பழகுவது உடம்பு அல்ல, கிருமி.

நல்ல சூடும் சத்தும் கிடைத்தால் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பிரியும். ஒன்று, ஒரு மணி நேரத்தில் எட்டு. ஏழு மணி நேரத்தில் இருபது லட்சத்தைத் தாண்டிவிடும். இத்தனை கோடி கிருமிகளில் ஒன்றிரண்டு மருந்தைத் தாங்கும் குணத்தோடு பிறந்துவிடும். மருந்து கொடுக்கும்போது மற்றவை சாகின்றன, இவை மட்டும் மிஞ்சுகின்றன. போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் இவை பெருகுகின்றன. அது மட்டுமல்ல. மருந்தைத் தாங்கும் வித்தையை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்கும், வேறு ஜாதிக் கிருமிக்கும்கூட, கைமாற்றிக் கொடுத்துவிடும்.

ஆகவே தேவையில்லாமல் கொடுக்கும் ஒவ்வொரு மாத்திரையும் பலமான கிருமியைப் பொறுக்கி எடுக்கும் சல்லடை. 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுவதும் ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பூனைக்கும் நமக்கும் என்ன தொடர்பு?

பூனை நம் மெத்தையில் படுக்கிறது. பிள்ளையின் கையை நக்குகிறது. நாம் அதன் மலத்தை அள்ளுகிறோம். பூனையின் குடலிலும் தோலிலும் இருக்கும் பாக்டீரியா நமக்கு வரும். நம்முடையது அதற்குப் போகும். பல மருந்துகளுக்கு அடங்காத சீழ்க்கிருமி மனிதரிலிருந்து வீட்டுப் பிராணிக்கும், பிராணியிலிருந்து மனிதருக்கும் போவது தெரிந்த விஷயம். அதோடு, பூனைக்குக் கொடுக்கும் ஆண்டிபயாட்டிக் மருந்துகளில் பெரும்பாலானவை நமக்குக் கொடுக்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அங்கே வீணடித்தால் இங்கே பலம் குறையும்.

இனி, பூனை வளர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் பேச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"மிச்ச மாத்திரை இருக்கு, கொடுத்துப் பார்ப்போமே"

கூடாது. பூனையின் எடை சுமார் 4 கிலோ, நம் எடை 60 கிலோ. பாதி மாத்திரை, கால் மாத்திரை என்று கண்ணால் அளப்பது மருந்தளவு ஆகாது. கூடினால் விஷம், குறைந்தால் பிளெமிங் சொன்ன கதை.

பூனையின் ஈரல் நம் ஈரலைப் போன்றதும் அல்ல. பனடோல் என்று நாம் சொல்லும் பாரசெட்டமோல் மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அதைக் கொன்றுவிடலாம். அது ஆண்டிபயாட்டிக் அல்ல என்றாலும் அலமாரியில் பக்கத்திலேயே இருப்பதால் சொல்லி வைக்கிறோம். ஆண்டிபயாட்டிக்கிலும் ஆபத்து உண்டு. டாக்சிசைக்ளின் மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க வைத்தால் தொண்டைக் குழாயில் ஒட்டிப் புண்ணாகி, பின்பு குழாயே சுருங்கிப் போகலாம். என்ரோபிளாக்சசின் என்ற மருந்தின் அளவு கூடினால் பூனைக்குக் கண் பார்வை போய்விடலாம்.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கவில்லை. 1952-ஆம் ஆண்டு விஷப்பொருள் சட்டத்தின்படி நம் நாட்டில் ஆண்டிபயாட்டிக் மருந்துகளை டாக்டரோ மிருக வைத்தியரோ நோயைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அல்லது அவர் எழுதிய சீட்டைக் கொண்டு மருந்தாளர் கொடுக்க வேண்டும். கைப்பேசியில் பார்த்து ஆர்டர் போடுவதும், பிராணிகளுக்குத் தீனி விற்கும் கடையில் கேட்டு வாங்குவதும் அந்த வழி அல்ல.

"மூக்கு ஒழுகுது, ஆண்டிபயாட்டிக் கொடுத்தாத்தான் நிக்கும்"

பூனைக்கு வரும் சளி, தும்மல், கண்ணீர் வடிதல் ஆகியவை பெரும்பாலும் வைரஸால் வருபவை. இருமுறை சொன்னாலும் குற்றமில்லை: வைரஸை ஆண்டிபயாட்டிக் தொடாது. பூனை சாப்பிடுகிறது, சுறுசுறுப்பாக இருக்கிறது, காய்ச்சல் இல்லை என்றால், பத்து நாள் வரை ஆண்டிபயாட்டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் மிருக வைத்திய நிபுணர்களின் வழிகாட்டல். கண்ணையும் மூக்கையும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து விடுங்கள். மூக்கடைத்தால் பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் சாப்பிடாது. ஆகவே மீனைக் கொஞ்சம் சூடுகாட்டிக் கொடுங்கள். சாப்பாட்டை விட்டுவிட்டால், மூச்சு வாங்கினால், சோர்ந்து சுருண்டு படுத்தால் காத்திருக்கக் கூடாது. அப்போது வைத்தியரிடம் போக வேண்டும்.

சிறுநீர் விஷயமும் இப்படித்தான். இளம் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கினால் "சிறுநீரில் கிருமி" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இளம் பூனைகளில் பெரும்பாலும் அது பாக்டீரியாவால் வருவதில்லை. மன உளைச்சல், தண்ணீர் போதாமை, சிறுநீர்ப்பை வீக்கம், கல் என்று வேறு காரணங்கள் உண்டு. முக்கியமான ஓர் எச்சரிக்கை: ஆண் பூனை முக்கி முக்கி ஒரு சொட்டும் வராவிட்டால் அது அடைப்பு. அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். மிச்ச மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் பூனை போய்விடும்.

சண்டைக் காயத்தில் சீழ் கட்டினால், அதைத் திறந்து சீழை வெளியேற்றிக் கழுவுவதுதான் முதல் வைத்தியம். சில சமயம் அதுவே போதும். ஆண்டிபயாட்டிக் வேண்டுமா, வேண்டாமா என்பதை வைத்தியர் முடிவு செய்வார்.

ஆறாத புண்ணைக் கண்டால் உஷார்!

பூனையின் மூக்கு நுனியிலும் முகத்திலும் காலிலும் புண் வந்து, ஆண்டிபயாட்டிக் கொடுத்தும் ஆறவில்லையா? நம் மலேசியாவில் பூனைகளிடம் காணப்படும் ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற காளான் நோயாக அது இருக்கலாம். ஆண்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. காளானுக்கு உரிய மருந்தை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும்.

இந்த நோய் பூனை பிராண்டினாலோ கடித்தாலோ மனிதருக்கும் தொற்றும். பிராண்டிய இடத்தில் சிறு கட்டி வந்து, அங்கிருந்து கை வழியே மேல்நோக்கிக் கட்டி கட்டியாக வரிசை போடும். அப்படிக் கண்டால் டாக்டரிடம் "வீட்டுப் பூனைக்குப் புண் இருக்கு" என்று மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவரும் ஆண்டிபயாட்டிக்கையே கொடுத்துக்கொண்டிருக்க நேரும். இப்படிப்பட்ட பூனையைத் தூக்கும்போது கையுறையும் நீண்ட கைச் சட்டையும் அவசியம். பிள்ளைகளை அருகே விடாதீர்கள்.

"மாத்திரை கொடுக்கவே முடியல, ஊசியாப் போட்டுடுங்க"

இந்தச் சிரமம் உண்மைதான். நாய்க்குச் சோற்றில் வைத்துக் கொடுத்துவிடலாம். பூனை மோப்பம் பிடித்து மாத்திரையை மட்டும் ஒதுக்கிவிடும். பிடித்துத் திணித்தால் கையைக் கிழித்துவிடும். அதனால் ஒரே ஊசியில் வேலை முடிந்தால் தேவலை என்று உலகம் முழுவதும் பூனை வளர்ப்பவர்கள் நினைக்கிறார்கள்.

அப்படி ஓர் ஊசி இருக்கிறது. செபோவெசின் என்று பெயர். ஒரு தடவை போட்டால் சுமார் 14 நாள் வேலை செய்யும். ஆனால் அது மூன்றாம் தலைமுறை செபலோஸ்போரின் குடும்பம். ஆஸ்பத்திரியில் கடுமையான தொற்றோடு படுத்திருக்கும் மனிதருக்கு ஏற்றும் மருந்துகளும் இதே குடும்பத்தில்தான் இருக்கின்றன. ஐரோப்பிய மருந்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இந்தக் குடும்பத்தைக் கட்டுப்படுத்திப் பயன்படுத்த வேண்டிய வரிசையில் வைத்திருக்கிறது. இன்னொன்று, மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திவிடலாம். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. மருந்தின் மிச்சம் பல வாரம் உடம்பில் தங்கும்.

எந்த வகையிலும் மருந்து கொடுக்க முடியாத பூனைக்கு, தேவை நிச்சயமான இடத்தில், வைத்தியர் அதைப் போடலாம். நம் வசதிக்காக மட்டும் கேட்டு வாங்கக் கூடாது.

மாத்திரை கொடுக்க ஒரு வழி: பூனையைத் துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரியும்படி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து தலையைப் பிடித்து லேசாக அண்ணாத்துங்கள். வாய் திறந்ததும் மாத்திரையை நாக்கின் பின்பக்கம் போட்டு வாயை மூடித் தொண்டையைத் தடவுங்கள். விழுங்கிய பின் ஊசியில்லாத சிரிஞ்சில் 5 அல்லது 6 மில்லிலிட்டர் தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மீனில் பொதிந்து கொடுக்கலாமா, பொடி செய்யலாமா, திரவ மருந்தாகக் கிடைக்குமா என்பதை வைத்தியரிடமே கேளுங்கள். எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது.

"தேறிடிச்சு, அதான் நிறுத்திட்டேன்"

எத்தனை நாள் என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் நீண்ட நாள் கொடுப்பதே நல்லது என்று நினைத்தார்கள். இன்றைக்குப் பல நோய்களுக்குக் குறைந்த நாள் போதும் என்று தெரிந்து, டாக்டர்களே நாளைக் குறைத்து வருகிறார்கள். ஆகவே பூனை சீக்கிரம் தேறிவிட்டால் தொலைபேசியில் கூப்பிட்டு "நிறுத்தலாமா?" என்று கேளுங்கள். நாமாக நிறுத்துவதும் தப்பு, நாமாக நீட்டிப்பதும் தப்பு. மிஞ்சும் மாத்திரையைச் சேர்த்து வைக்காதீர்கள், சாக்கடையிலும் கொட்டாதீர்கள். நமக்குக் கொடுத்த மருந்தின் மிச்சத்தை அரசாங்க ஆஸ்பத்திரி, கிளினிக் மருந்தகங்களில் திருப்பிக் கொடுக்கலாம். பூனையின் மிச்ச மருந்தைக் கொடுத்த வைத்தியரிடமே ஒப்படையுங்கள்.

"மிருக வைத்தியர்கிட்ட போனா காசு பறக்குது"

இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. நாள் சம்பளக்காரர் பூனைக்காக நூறு வெள்ளி, இருநூறு வெள்ளி எடுப்பது சுலபமல்ல. ஆனால் தப்பான மருந்தைக் கொடுத்து, நோய் முற்றி, பிறகு போகும்போது செலவு இரட்டிப்பாகிறது. கால்நடைச் சேவை இலாகாவின் அரசாங்க மிருக வைத்தியசாலை பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். போனதும் "எங்களால் இவ்வளவுதான் முடியும்" என்று தயங்காமல் சொல்லுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை. முதலில் எது அவசியம், எது பிறகு என்று அவர் பிரித்துச் சொல்வார்.

நோய் வராமல் பார்ப்பதே சிக்கனம். தடுப்பூசி போட்டால் வைரஸ் சளி கடுமையாக வராது. கருத்தடை செய்த ஆண் பூனை ஊர் சுற்றுவதும் சண்டை போடுவதும் குறையும். சண்டை குறைந்தால் சீழ்க்கட்டியும் குறையும். நல்ல தண்ணீர், சுத்தமான மலத்தொட்டி, அளவுக்கு மேல் பூனை சேர்க்காமை ஆகிய மூன்றும் காசில்லா வைத்தியம்.

"கோழிப்பண்ணைக்காரன் கொட்டுறான், என் ஒரு பூனையால என்ன ஆவப் போவுது?"

பண்ணைகளில் மருந்து அதிகம் போகிறது என்பது உண்மை. அதனால்தான் அங்கேயும் கட்டுப்பாடு வருகிறது. மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு ஆஸ்பத்திரியில் கடைசியாக எடுக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தைப் பன்றிக்கும் கோழிக்கும் தீனியில் கலந்தார்கள். அதைத் தாங்கும் வித்தை கிருமியிலிருந்து கிருமிக்குக் கைமாறுவதை 2015-இல் சீனாவில் கண்டுபிடித்தார்கள். கால்நடைத் தீனியில் அந்த மருந்தைக் கலக்க மலேசியா 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தடை போட்டது.

ஆனால் பண்ணைக் கோழி நம் தலையணையில் படுப்பதில்லையே! மருந்தின் பலம் என்பது ஊருக்குப் பொதுவான தண்ணீர்த் தொட்டி போன்றது. பெரிய குழாய் ஒழுகுகிறது என்பதற்காக நம் வீட்டுக் குழாயைத் திறந்து விடலாமா? இரண்டையும் அடைக்கத்தான் வேண்டும்.

வைத்தியரிடம் என்ன கேட்பது?

பிரிட்டனில் மிருக வைத்தியர்களிடமும் பிராணி வளர்ப்பவர்களிடமும் பேசி எடுத்த ஓர் ஆய்வில் ஒரு வேடிக்கை தெரிந்தது. "வளர்ப்பவர்கள் நெருக்குவதால் எழுதிக் கொடுக்கிறோம்" என்றார்கள் வைத்தியர்கள். நாங்கள் நெருக்கினோம் என்று ஒப்புக்கொண்ட வளர்ப்பவர்களோ கொஞ்சம் பேர்தான். பிராணியை நன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே அவர்களில் அதிகம் பேரின் எண்ணமாக இருந்தது. ஒருவர் மனதில் இருப்பது மற்றவருக்குத் தெரியாமல் மருந்து கைமாறுகிறது! வாயைத் திறந்து கேட்டால் இது தீரும். இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

1. இது பாக்டீரியா நோய்தானா? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?
2. ஆண்டிபயாட்டிக் இல்லாமல் சில நாள் பார்க்கலாமா?
3. எவ்வளவு, எத்தனை வேளை, எத்தனை நாள்?
4. எந்த அறிகுறி கண்டால் திரும்ப வர வேண்டும்?

மருந்து எழுதிக் கொடுக்காமல் அனுப்பினால், "ஒண்ணுமே கொடுக்கலையே, வெறுங்கையோட வந்தோமே" என்று வருத்தப்படாதீர்கள். பார்த்துச் சோதித்து, "வேண்டாம்" என்று சொல்வதும் வைத்தியம்தான்.

கடைசியாக, பூனையைத் தொட்ட பின்பும் மலத்தை அள்ளிய பின்பும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். பூனை கடித்துவிட்டால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். பூனைப் பல் ஊசி மாதிரி. வெளியே சின்னப் புள்ளி தெரியும், உள்ளே ஆழமாகக் கிருமி இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் டாக்டர் கொடுக்கும் ஆண்டிபயாட்டிக் வேலை செய்ய வேண்டும். அது வேலை செய்ய வேண்டுமானால், இன்றைக்கு நாம் அதை வீணாக்காமல் இருக்க வேண்டும்.

இன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பாருங்கள். மிச்ச மாத்திரை இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.